‘இயர் ஸ்பீக்கர் போச்சு’ என்று முடிவு கட்டும் முன்

போனைக் காதில் வைத்தால் எதிர்முனைக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் தெளிவாகக் கேட்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறோம்: இயர் ஸ்பீக்கர் போச்சு. கடையிலும் அதையே சொல்கிறோம். கடைக்காரரும் அதையே சீட்டில் எழுதிக்கொள்கிறார். நோயாளியே நோயின் பெயரைச் சொல்லிவிட்டால் வைத்தியர் நாடி பார்ப்பதில்லை. உண்மையில் நாம் கண்டது ஓர் அறிகுறி மட்டும்தான். குரல் கிளம்பிய இடத்திலிருந்து நம் செவிப்பறை வரைக்கும் ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அதில் எங்கே அடைத்தாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அந்தப் பாதையில் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது ஸ்பீக்கர் என்ற பாகத்தைத்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் அந்தப் பாகத்தைத் தெரிந்துகொள்வோம். சர்வீஸ் கடைகளில் இதை ‘ரிசீவர்’ என்பார்கள், ‘இயர் ஸ்பீக்கர்’ என்றும் சொல்வார்கள். போனின் அடிப்பக்கத்தில் மணியடிக்கும் பெரிய ஸ்பீக்கர் ‘ரிங்கர்’. இரண்டும் ஒரே தத்துவம்தான்: ஒரு காந்தம், அதன் இடுக்கில் முடியைவிட மெல்லிய கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய சவ்வு. சுருளில் மின்சாரம் ஓடினால் சவ்வு அசைகிறது, காற்று அசைகிறது, சத்தம் பிறக்கிறது. அழைப்புக்கு மட்டும் பயன்படும் ரிசீவருக்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். காதை ஒட்டியே இருப்பதால் அது கத்த வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கக் கிசுகிசுக்கும் பாகம் தானாகச் சூடேறிக் கருக வாய்ப்பு குறைவு. அது உட்கார்ந்திருக்கும் இடமும் பத்திரமானது: கண்ணாடிக்குப் பின்னால், ரப்பர் விளிம்புக்குள்.

அதற்கு முன்னால் இருக்கும் ஜாலியின் கதை வேறு. திரைக்கு மேலே தெரிகிற அந்த மெல்லிய கீற்றில் நுண்ணிய கம்பிவலையோ துணிவலையோ ஒட்டியிருக்கும். ஒவ்வோர் அழைப்பிலும் அது காதிலும் கன்னத்திலும் அழுந்துகிறது. வியர்வை, முகப் பவுடர், தலையில் வைத்த தேங்காய் எண்ணெய், சட்டைப்பையின் பஞ்சு எல்லாம் அங்கே வந்து சேருகின்றன. எண்ணெய் பசைபோல் நிற்கிறது, பவுடரும் தூசியும் அதில் ஒட்டிக் காலப்போக்கில் சாந்தாகிவிடுகின்றன. லேத் பட்டறையிலும் வெல்டிங் கடையிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: ஜாலிக்குப் பின்னால் இருப்பது காந்தம் என்பதால் இரும்புத்தூளை அதுவே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறது. உள்ளே பத்திரமாக இருக்கும் ஒரு பாகம், வெளியே தினமும் அழுக்கு தின்னும் ஒரு வலை. இரண்டில் எதை முதலில் சந்தேகிப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. அடைபட்ட வலை எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. கூர்மையான உயர் ஒலிகளை முதலில் விழுங்குகிறது. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது, ச, த, ப போன்ற மெய்களின் அடையாளம் உயர்ந்த ஒலியில். ஆகவே ஜாலி அடைத்த போனில் யாரோ பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. ‘சாமி’ ‘மாமி’ ஆகிவிடுவார். சுருள் அறுந்திருந்தால் இப்படி மங்காது, சுத்தமாகச் சத்தமே வராது. சவ்வு கிழிந்திருந்தாலோ இடுக்கில் தூள் புகுந்திருந்தாலோ கரகரக்கும். அதுவும் சத்தத்தைக் கூட்டும்போது அதிகமாக. விட்டு விட்டுக் கேட்டால், போனை லேசாக அழுத்தும்போது சரியானால், தொடுமுனையில் கோளாறு. மங்கல், மௌனம், கரகரப்பு, விட்டு விட்டுக் கேட்பது என்ற இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கடையில் போய் “சரியா கேக்கல” என்று மட்டும் சொல்வதில்தான் பணம் போகிறது.

ஆனால் மங்கலுக்கு ஜாலி ஒன்றே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய முறை அழைப்பில் தொலைபேசி வலையமைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே அனுப்புகிறது. 4ஜி வழியாகப் போகும் வோல்டே அழைப்பு இருபக்கமும் ஒத்துழைத்தால் 7000 ஹெர்ட்ஸ் வரை தருகிறது. சிக்னல் குறைந்து அழைப்பு பழைய முறைக்கு இறங்கினால் அதே குரல், அதே போன், ஆனால் ஜமுக்காளத்தைப் போர்த்தியதுபோல் கேட்கும். எதிர்முனைக்காரரின் மைக் ஓட்டை அடைத்திருந்தாலும் குற்றம் நம் போன்மேல்தான் விழும். ஒருவரோடு பேசும்போது மட்டும் கேட்கவில்லை என்றால் நம் போனை விட்டுவிட்டு அவருடைய போனைத் துடைக்கச் சொல்லலாம்.

ஆகவே சோதனைக்கு மாறாத குரல் ஒன்று வேண்டும். இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம் ஆனாலும் 198 என்ற புகார் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். எடுத்ததும் வருவது பதிவு செய்த குரல். அதே சிம்மை வீட்டிலுள்ள வேறொரு போனில் போட்டு, அதே அறையில் நின்று, அதே பதிவைக் கேளுங்கள். இரண்டிலும் மங்கலாக இருந்தால் போன்மேல் பழியில்லை. உங்கள் போனில் மட்டும் மங்கல் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். கூடவே ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தியை ஓடவிட்டுப் போனைக் காதில் வையுங்கள். அருகிருப்பதை உணரும் சென்சார் அதை ரிங்கரிலிருந்து ரிசீவருக்கு மாற்றிவிடும். இதில் வலையமைப்புக்கு வேலையே இல்லை. குரல் செய்தி கணீரென்று கேட்டு, அழைப்பு மட்டும் மங்கினால் ரிசீவரும் ஜாலியும் நிரபராதிகள்.

அற்பக் காரணங்களை விரைவாகத் தாண்டிவிடுவோம். அழைப்பின் ஒலியளவு தனி, பாட்டின் ஒலியளவு தனி; பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலி பட்டனை அழுத்தினால்தான் முன்னது ஏறும். பீரோவுக்குள் கிடக்கும் புளூடூத் இயர்பட்ஸோ, கையிலுள்ள ஸ்மார்ட் வாட்சோ, வாசலில் நிற்கும் காரோ அழைப்பைத் தன்பக்கம் இழுத்திருக்கலாம். புளூடூத்தை அணைத்துப் பாருங்கள். ஹெட்செட் ஓட்டையில் ஈரமோ தூசியோ இருந்தால் ஹெட்செட் சொருகியிருப்பதாகப் போன் ஏமாந்துவிடும். அப்போது திரையின் மேல்வரிசையில் ஹெட்போன் படம் தெரியும். ஒருமுறை அணைத்துப் போடுவதும் கேவலமில்லை.

டெம்பர்ட் கிளாஸுக்கு ஒரு பத்தி கொடுத்தாக வேண்டும். கிளாஸின் வெட்டு ரிசீவர் கீற்றுக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் பாதிக் கீற்று மூடிவிடும். இன்றைய போன்களில் கீற்று கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நூலிழை அளவுக்கு மெலிந்துவிட்டது. அந்த இழையில் கிளாஸின் பசை கசிந்து இறுகிவிட்டால் அங்கே எவ்வளவு துடைத்தும் பயனில்லை. கிளாஸ் புதிதாக ஒட்டிய நாளிலிருந்து தொல்லை ஆரம்பித்தது என்றால் வேறெங்கும் போக வேண்டாம், கிளாஸைக் கழற்றிவிட்டு 198-ஐ மறுபடி அழையுங்கள். போனைக் காதில் மேலும் கீழுமாக நகர்த்தும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் பளிச்சென்று திறந்தால் அதுவும் கீற்று பாதி மூடியிருப்பதன் அடையாளம். தப்பாக ஒட்டிய கிளாஸ் சென்சாரையும் மறைக்கும். பேசும்போது திரை அணையாமல் கன்னமே மியூட்டை அழுத்திவிடுவதும் உண்டு. அதையும் ‘ஸ்பீக்கர் கோளாறு’ கணக்கில்தான் எழுதுவார்கள்.

போனுக்குள்ளேயே ஒரு சோதனைக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியாது. சாம்சங் போன்கள் பலவற்றில் டயல் பலகையில் *#0*# அடித்தால் கட்டம் கட்டமாகப் பட்டன்கள் வரும். அதில் ‘ரிசீவர்’ என்பதைத் தொட்டால் மேலே உள்ள கீற்றில் ஒரு சீரான ஒலி கேட்கும். ரெட்மி, ஷாவ்மி போன்களில் *#*#6484#*#* இதே வேலையைச் செய்யும். எல்லா மாடலிலும் இவை திறக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே ஓர் எச்சரிக்கை: ‘ரகசிய எண்கள்’ என்று சுற்றிக்கொண்டிருக்கும் பட்டியலில் உள்ளதையெல்லாம் அடித்துப் பார்க்காதீர்கள், பழைய சாம்சங் மாடல்களில் போனையே துடைத்து வெறுமையாக்கும் எண்ணும் அந்தப் பட்டியல்களில் இருக்கிறது. ஐபோனில் இப்படி எண் கிடையாது. ஆனால் ஐபோன் 7 முதல் ரிசீவரே ஸ்டீரியோவின் மேல்பாதியாகவும் வேலை செய்கிறது. ஒரு வீடியோவை ஓடவிட்டு அடிப்பக்க ஸ்பீக்கரை விரலால் மூடினால் மேலே வரும் சத்தத்தைத் தனியாகக் கேட்கலாம். ஸ்டீரியோ உள்ள எந்தப் போனுக்கும் இந்த வித்தை பொருந்தும்.

சோதனையில் மங்கலான ஒலி வந்தால் மகிழ்ச்சியடையுங்கள்: சுருள் உயிரோடு இருக்கிறது, போர்டு உயிரோடு இருக்கிறது, வழியில்தான் அடைப்பு. இப்போது டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்வாக அடித்துக் கீற்றைப் பாருங்கள். சுத்தமான ஜாலியில் கண்ணிகள் கருப்புப் புள்ளிகளாகத் தெரியும்; அடைத்த ஜாலி மங்கலான சாம்பல் பட்டையாக, சில இடங்களில் மெழுகு பூசியதுபோல் மினுங்கும்.

துடைப்பதில் கை சொல்பேச்சு கேட்க வேண்டும். புது டூத்பிரஷ், மிக மென்மையான ரகம், உலர்ந்தது. போனை அணைத்துவிட்டு, திரை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடியுங்கள்; கிளம்பும் அழுக்கு கீழே விழ வேண்டுமே தவிர உள்ளே இறங்கக் கூடாது. பிரஷைக் கீற்றின் நீளவாக்கில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். குத்த வேண்டாம், சுழற்ற வேண்டாம். இருபது முப்பது இழுப்புக்குப் பிறகு மாஸ்கிங் டேப்பைச் சிறு உருண்டையாக, பசைப்பக்கம் வெளியே தெரியச் சுருட்டிக் கீற்றின்மேல் ஒற்றி ஒற்றி எடுங்கள். இரும்புத்தூள் ஒட்டிய ஜாலிக்கு பிரஷைவிட இந்த ஒற்றல்தான் உதவும். முதல் ஒற்றலில் டேப்பில் பழுப்பாக ஒரு கோடு பதிந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு அசையவில்லை என்றால் பிரஷின் நுனியில் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, டிஷ்யூ காகிதத்தில் ஒற்றி உலர்த்திய பிறகு இழுக்கலாம். கீற்றில் சொட்டு விடுவது கூடாது. கரைந்த அழுக்கு திரவத்தோடு வழிந்து சவ்வின்மேல் போய்ப் படியும், ஜாலியை ஒட்டியிருக்கும் பசையும் இளகும்.

குண்டூசி, ஊக்கு, சிம் பின் மூன்றுக்கும் இங்கே வேலையில்லை. ஜாலியைத் தாண்டினால் அடுத்திருப்பது காகிதத்தைவிட மெல்லிய சவ்வு; ஓட்டை விழுந்தால் இல்லாத நோய் உண்மையிலேயே வந்துவிடும். வாயால் ஊதினால் எச்சிலும் ஈரமும் போகும். காற்று பம்ப்பும் வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே உலர்ந்த மென்பிரஷைப் பரிந்துரைத்துவிட்டு அழுத்தக் காற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. ஷாவ்மி போன்களில் ‘கிளியர் ஸ்பீக்கர்’ என்று ஒரு வசதி உண்டு. சத்தத்தாலேயே தூசியை உதறும். தண்ணீர்த்துளிக்கும் தளர்ந்த தூசிக்கும் சரி, எண்ணெயில் குழைந்த சாந்துக்கு அது போதாது. நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைக்கும் வழக்கத்தை இத்தோடு விட்டுவிடலாம். அரிசியின் நுண்துகள்கள் போனுக்குள் போய்ச் சேதம் செய்யக்கூடும் என்று 2024-இல் ஆப்பிள் தன் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது. மின்விசிறிக்கடியில் கீற்று கீழ்நோக்கி இருக்கச் சாய்த்து வைப்பது மேல்.

இவ்வளவு மெனக்கெடுவானேன், ரிசீவர் விலை கொஞ்சம்தானே, மாற்றிவிட்டால் போயிற்று என்று கேட்பது நியாயமாகத்தான் படும். பாகத்தின் விலை குறைவுதான். ஆனால் அதை எட்டுவதற்குப் போனைப் பிரிக்க வேண்டும். பின்மூடியைச் சூடாக்கிப் பிரிக்கும்போது தண்ணீர் புகாமல் காத்த பசை அறுகிறது. அதற்குப் பிறகு பெட்டியில் அச்சிட்ட ஐ.பி. எண்ணுக்குப் பொருள் இல்லை. சில மாடல்களில் திரையைத் தூக்கித்தான் ரிசீவரைத் தொட முடியும். வளைந்த அமோலெட் திரையில் ஒரு கீறல் விழுந்தால் செலவு எங்கோ போய்விடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடையில் ரிசீவரை மாற்றும்போது ஜாலியையும் சேர்த்துத் துடைக்கிறார்கள். சத்தம் வந்துவிடுகிறது, புதுப் பாகம்தான் காரணம் என்று இருவரும் நம்பிவிடுகிறோம். பழைய ரிசீவர் குப்பைத்தொட்டியில் நன்றாகவே கிடக்கும்.

இயர்போனிலோ ஸ்பீக்கரிலோ பேசிக்கொண்டு காலத்தை ஓட்டலாமே என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. ஆனால் வங்கிக்காரர் ஓ.டி.பி. பற்றிப் பேசுவதைப் பேருந்தில் ஸ்பீக்கரில் கேட்க யாருக்கும் விருப்பமிருக்காது.

கனமான மறுப்பு வேறொன்று: பாகம் கெடுவதே இல்லையா? கெடுகிறது. 2021 ஆகஸ்டில் ஆப்பிளே ஐபோன் 12, 12 ப்ரோ மாடல்களுக்கு இலவசச் சேவைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2020 அக்டோபருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே தயாரானவற்றில் மிகச் சிலவற்றின் ரிசீவர் தொகுதியில் ஒரு பாகம் பழுதாகலாம் என்பது காரணம். அங்கே பிரஷ் எடுத்து உட்கார்ந்தால் நேரம்தான் வீண். கிசுகிசுக்கும் பாகம் என்று மேலே சொன்னதும் ஸ்டீரியோ போன்களுக்குப் பொருந்தாது. அவற்றில் ரிசீவர் பாட்டையும் சினிமாவையும் உரக்கப் பாடுகிறது, சுருளும் சவ்வும் அதற்கேற்ப உழைத்துத் தேய்கின்றன. ஆனால் இந்த விதிவிலக்குகளும் வரிசையை மாற்றுவதில்லை. பாகமே கெட்டால் பெரும்பாலும் மௌனமோ கரகரப்போ வரும். மங்கல் அதன் முதல் அடையாளம் அல்ல. சோதனை ஒலியிலும் மௌனம், குரல் செய்தியிலும் மௌனம் என்றால் தயங்காமல் கடைக்குப் போகலாம்.

கடையில் போனைத் திறந்த பிறகும் ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். ரிசீவர் பல மாடல்களில் ஸ்பிரிங்போல் நிமிர்ந்திருக்கும் இரண்டு பொன்னிறத் தொடுமுனைகளால் போர்டைத் தொடுகிறது. வியர்வை ஈரம் புகுந்தால் அவை பச்சை பாய்ந்து கருக்கும். ‘கார்பன் பிடிச்சிருக்கு’ என்பார்கள். துடைத்து, முனைகளை லேசாக நிமிர்த்தினால் பழைய ரிசீவரே பேசும். இல்லையென்றால் மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து ரிசீவரின் இரு முனைகளையும் தொடட்டும். அழைப்புக்கு மட்டுமான ரிசீவர் பொதுவாக 32 ஓம் ரகம், ஸ்டீரியோ ரகங்களில் 8 ஓம் போன்ற குறைந்த எண். மீட்டர் அதற்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். பஸ்ஸர் சத்தத்தை நம்ப வேண்டாம், 32 ஓம் சுருளுக்குச் சில மீட்டர்கள் கூவாது. கவனித்துக் கேட்டால், மீட்டரின் முனை பட்டவுடன் நல்ல ரிசீவர் ‘டிக்’ என்று மெல்லச் சொடுக்கும். எண்ணும் இல்லை, சொடுக்கும் இல்லை என்றால் சுருள் அறுந்தது உறுதி. மாற்றுவதற்கு இப்போதுதான் காரணம் கிடைத்திருக்கிறது. ரிசீவர் சரி, தொடுமுனையும் சரி, ஆனாலும் மௌனம், கூடவே ரிங்கரும் மைக்கும் தகராறு என்றால் கோளாறு ஆடியோ ஐசி பக்கம். அது போர்டு வேலை. நுண்ணோக்கியும் சூடுகாற்று நிலையமும் கைப்பழக்கமும் உள்ள இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

வாரண்டி முடியாத போனை வெளியே திறக்கக் கொடுக்காதீர்கள். துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு நிறுவனத்தின் சேவை மையத்துக்கு எடுத்துப் போங்கள். ஐபோன் X முதல் 12 வரையிலான மாடல்களை வைத்திருப்பவர்கள் இரட்டிப்பாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றில் ரிசீவரோடு ஒரே ஸ்ட்ரிப்பில் முகத்தை அடையாளம் காணும் வசதிக்கான ஒளியுமிழியும் இருக்கிறது. முழு ஸ்ட்ரிப்பையும் புதிதாகப் போட்டால் சத்தம் வரும், ஃபேஸ் ஐடி போய்விடும். பழைய ஸ்ட்ரிப்பை வைத்துக்கொண்டு ரிசீவரை மட்டும் மாற்றத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். பின் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. சாம்சங்கின் புதிய மாடல்களில் ‘மெயின்டனன்ஸ் மோட்’ இருக்கிறது, படங்களும் செய்திகளும் மறைந்திருக்க, சோதனை மட்டும் நடக்கும்.

புதுப் பாகத்தைப் பொருத்தியதும், மூடிக்குப் பசை போடும் முன்பே, கடையிலேயே 198-ஐ அழைத்துக் கேளுங்கள். மூடிய பிறகு ஒருமுறை, டெம்பர்ட் கிளாஸ் ஒட்டிய பிறகு இன்னொரு முறை. காதில் வைத்ததும் திரை அணைகிறதா, முன்கேமரா தெளிவாக இருக்கிறதா, எதிர்முனைக்கு உங்கள் குரல் போகிறதா என்றும் பாருங்கள். கழற்றிய ரிசீவரைக் கையில் வாங்கி மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். அது ‘டிக்’ என்றால், கடைக்காரரிடம் கேட்க உங்களுக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.